மஞ்சள் வைத்த வரைபடங்கள்

எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஏழு பேர் உட்கார்ந்து வரைகிறார்கள். தொடங்கும்போது இரண்டு பேர்தான். அவர்களுக்கென்று மேசை கிடையாது. கீழே சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டார்கள். அந்த மேசைக்கு ஆறு நாற்காலிகள். இரண்டில் அவர்கள் உட்கார்ந்து, மூன்றில் தாள்களைப் பரப்பினால், வீட்டுக்காரனான எனக்கு மிஞ்சியது ஒன்று. என் மனைவி நின்றுகொண்டே சாப்பிட்டாள். இதை நான் பல தடவை சொல்லிக்காட்டியிருக்கிறேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஒருத்தி என் மருமகள். இன்னொருத்தி அவளோடு திருச்சியில் கட்டடக்கலை படித்தவள், லப்பைக்குடிகாட்டுப் பெண். தினமும் பஸ் ஏறி பெரம்பலூர் வருவாள். மருமகள் எங்களை மாமா, அத்தை என்பதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள். என் மகனுக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. பகலில் தூங்குவான். அவன் தூங்கும்போது சத்தம் போடக் கூடாது என்று நான் விதி போட்டேன். ஒரு ஜன்னலை இடது பக்கம் வைப்பதா வலது பக்கம் வைப்பதா என்று அந்த இரண்டு பேரும் சண்டை போட்டால் தெருமுனை வரை கேட்கும்.

நான் அரியலூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருஷம் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் இலைகளை. "இவரு கோயிலுக்கு வந்தா சாமியப் பாக்க மாட்டாரு, வெளக்க எண்ணிக்கிட்டு நிப்பாரு" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்வாள்.

பெரம்பலூரில் வீடு கட்டுகிறவர்கள் ஆர்க்கிடெக்டைத் தேடிப் போவதில்லை. பிளான் அப்ரூவல் வாங்கித் தர ஒருவர், வாஸ்து பார்க்க ஒருவர், கட்டுவதற்கு மேஸ்திரி. அது போதும். எங்கள் வீட்டைத் தேடி வந்த ஒன்றிரண்டு பேரும், "முன்னாடி எலிவேஷன் மட்டும் போட்டுக் குடும்மா, உள்ளாற நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அதற்கு முன்பு விசாரணை வேறு. யாரு வூட்டுப் பொண்ணு, வூட்டுக்காரரு என்ன பண்றாரு, அத்தா எந்த நாட்டுல இருக்காரு. ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில், "ஆம்பளைங்க யாரும் இல்லையா ஆபீஸ்ல?" என்றார். மருமகள் என்னைக் காட்டினாள். எனக்கு வரையத் தெரியாது என்று சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

போட்டிகளில் இந்த விசாரணை கிடையாது. யாரோ ஒரு கட்டடம் வேண்டும் என்று அறிவிப்பார்கள். நாடெங்கிலும் உள்ள ஆர்க்கிடெக்டுகள் வரைந்து அனுப்புவார்கள். நடுவர்கள் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தாளில் பெயர், ஊர், சின்னம், குறி எதுவும் இருக்கக் கூடாது. மூலையில் ஒரு எண் மட்டும் இருக்கலாம். வரைந்தது யார் என்று நடுவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிடுவார்கள். லப்பைக்குடிகாட்டுப் பெண் எனக்கு இதை விளக்கும்போது, "யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேக்கவே முடியாது மாமா. கேட்டா அவங்க மேலதான் தப்பு" என்று சொல்லிச் சிரித்தாள்.

முதல் ஐந்து போட்டிகளில் தோற்றார்கள். எதற்காகக் கலந்துகொள்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ஒரு ரயிலுக்கு நூறு பேர் டிக்கெட் கேட்டு ஒருவருக்கு மட்டும் இடம் இருந்தால் அந்த வரிசையில் யார் நிற்பார்கள்? இவர்கள் நின்றார்கள். ஆறாவதாகப் பள்ளிக் கழிப்பறைக்கு ஒரு போட்டி. அதில் பரிசு இல்லை, பாராட்டு மட்டும். அதைப் பார்த்து எறையூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று இவர்களைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னது. அவர்களுடைய முதல் கட்டடம் அதுதான். எட்டு அறை, ஒன்பது குழாய், குழந்தைகள் வரிசையில் நிற்க நிழல்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள் மருமகளை நிறுத்திக் கேட்டார். "ஏண்டி, கக்கூஸ் கட்டுறதுக்கா அஞ்சு வருசம் படிச்ச?"

"ஆமா பெரியம்மா. அஞ்சு வருசத்துல ஒருநாள்கூட காலேஜ்ல ஒழுங்கான கக்கூஸ் இல்ல. அதான் மனசுல நின்னுபோச்சு."

அதன் பிறகு ஒரு வாசகசாலை, செட்டிகுளத்தில் ஒரு நெல் குடோன். மேசை மாடிக்குப் போனது. என் நாற்காலிகள் எனக்குத் திரும்பி வரவில்லை, அவையும் மாடிக்குப் போயின.

அந்தச் சமயத்தில்தான் லப்பைக்குடிகாட்டுப் பெண்ணுக்கு நிக்காஹ் பேசினார்கள். மாப்பிள்ளையும் அதே ஊர்தான், வேலை துபாயில். நல்ல பையன் என்று அவளே சொன்னாள். நிக்காஹ் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. அவள் அவரிடம் போனில் ஒரு ஒப்பந்தம் போட்டாள். அரியலூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் கட்ட ஒரு அறக்கட்டளை போட்டி அறிவித்திருந்தது. அது கிடைத்துவிட்டால் கட்டி முடிக்கிறவரை அவள் இங்கேயே இருப்பாள். தோற்றால் எதுவும் பேசாமல் விமானம் ஏறிவிடுவாள். அவரும் சரி என்றார்.

அவள் போய்விட்டால் மாடியில் என் மருமகள் தனியாக உட்கார்ந்து யாரோடு சண்டை போடுவாள்? எனக்கு அந்தக் கவலை வந்துவிட்டது. இத்தனைக்கும் சத்தம் போடாதீர்கள் என்று தினமும் சொன்னவன் நான்தான்.

அந்த ஹாஸ்டலின் நடுவில் இவர்கள் வைத்தது துணி காயப்போட ஒரு முற்றம். சுற்றிலும் ஓட்டை ஓட்டையாகச் செங்கல் சுவர். காற்று வரும், வெயில் வரும், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. அவள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது மொட்டை மாடி ரோட்டுக்குத் தெரியும் என்பதால் பெண்கள் உள்ளாடையைத் துப்பட்டாவுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார்களாம். மழைக்காலத்தில் காயவே காயாதாம். "அஞ்சு வருசம் ஈரத்தைப் போட்டுக்கிட்டுப் படிச்சேன் மாமா" என்று என்னிடமே சொன்னாள். நான் வரைபடத்தில் கதவுகளை எண்ணப் போய்விட்டேன். எண்ணியதில் ஒரு உபயோகம் இருந்தது. அறுபத்து நான்கு அறை கேட்டிருந்தார்கள், இவர்கள் வரைந்ததில் அறுபத்து இரண்டுதான் இருந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்து முறைத்தார்கள். பிறகு திருத்தினார்கள்.

இப்போதெல்லாம் பெரும்பாலும் கணினி வழியாக அனுப்பிவிடலாம். அந்த அறக்கட்டளை அச்சிட்ட தாள்தான் வேண்டும் என்றது. திருச்சியில் கொடுத்து ஆறு பெரிய தாள்களாக அச்சிட்டு வாங்கினார்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய் ரயில் ஏறிச் சென்னையில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். கூரியர்காரர்களை நான் நம்புவதில்லை.

விருத்தாசலம் தாண்டியதும், தாள்கள் ஆறும் இருக்கின்றனவா என்று பார்க்க பிளாஸ்டிக் குழாயைத் திறந்தேன். ஆறும் இருந்தன. ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. மஞ்சளின் நடுவில் குங்குமம்.

என் மனைவியின் வேலை. புதுத் துணி, புதுப் பாத்திரம், கல்யாணப் பத்திரிகை, மகனுக்கு வந்த வேலை உத்தரவு என்று புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் அவள் மூலையில் மஞ்சள் வைக்காமல் விடமாட்டாள். முதல்நாள் சாயங்காலம் தாள்களைச் சாமி மாடத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அழகாகச் சுருட்டித் திரும்பக் குழாயில் போட்டிருக்கிறாள். ஒரு தாளைக்கூட விடவில்லை. தாளில் எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சள் பரவியது. எதிரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகைங்களா ஐயா? இம்மாம் பெருசா இருக்கு?"

"இல்லம்மா. ஹாஸ்டல் பிளான்."

"ஹாஸ்டலுக்கு மஞ்ச தடவுவாங்களா?"

"தடவ மாட்டாங்க. அதான் பிரச்சன."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வச்சா என்னங்க, நல்லதுதானே" என்று சொல்லி என் கையில் ஒரு பிடி கடலையைக் கொடுத்தார்.

மருமகளுக்குப் போன் செய்தேன். "மாமா, டியூப் தொலஞ்சிருச்சா?" என்றாள் எடுத்ததும். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வேகமாகப் பேசினாள். எழும்பூரில் ஒரு அச்சுக் கடைக்குப் படங்களை அனுப்புகிறாள், நான் இறங்கி வாங்கிக்கொண்டு நேராகப் போனால் அன்று சாயங்காலக் கெடுவுக்குள் கொடுத்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் விழுப்புரம் தாண்டித் தண்டவாளத்தில் வேலை நடந்ததால் ரயில் ஒரு வயல் நடுவில் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் தாமதத்துக்காகப் பயணிகளிடம் நான் கேட்ட வசவுகளை எல்லாம் அன்றைக்கு நான் மனதுக்குள் திருப்பிச் சொன்னேன். எழும்பூரில் இறங்கும்போது கெடுவுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அச்சுக் கடைக்குப் போக முடியாது.

மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தது லப்பைக்குடிகாட்டுப் பெண்.

"மாமா, நீங்க எங்க இருக்கீங்க? மூச்சு வாங்குது. மொதல்ல ஒக்காருங்க."

"ஒக்கார நேரமில்லம்மா. இப்ப என்ன செய்யறது? இதைக் குடுத்தா தள்ளிருவாங்க."

"குடுக்காட்டி மட்டும்? குடுத்துட்டு வாங்க மாமா. ஒருவேளை அவங்க வூட்டுலயும் ஒரு அத்தை இருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குரலில் ஈரம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

"மாமா, ஒண்ணு. அத்தைகிட்ட இதைச் சொல்லாதீங்க. தாங்க மாட்டாங்க."

போகப்போவது அவளுடைய இடம். கவலைப்பட்டது என் மனைவிக்காக.

வரவேற்பு மேசையில் இருந்த பையன் தாள்களை எண்ணி, மஞ்சளைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஏதோ எழுதிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. தாள்களின் மூலைகளில் அடையாளக் குறி இருந்ததால் போட்டிக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் மாடியில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி டீ கொண்டுவந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க அத்தை" என்றாள் லப்பைக்குடிகாட்டுப் பெண்.

"நாசமாப் போறவங்க. கண்ணு இல்லையா அவங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு அவளுக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் டீ ஊற்றினாள் என் மனைவி.

அந்த வாரம் மாடியில் சண்டைச் சத்தம் இல்லை. மகன் நன்றாகத் தூங்கினான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு சென்னையிலிருந்து மருமகளுக்கு ஒரு போன் வந்தது. நடுவர்களில் ஒருவர், வயதான அம்மையார். முடிவு அறிவித்த பிறகு ஒதுக்கி வைத்த தாள்களையும் பிரித்துப் பார்த்தாராம். துணி காயப்போடும் முற்றத்தைப் பற்றியே வெகுநேரம் பேசினார். திருமானூர்ப் பக்கம் ஒரு கல்லூரி மாணவிகளுக்கு ஹாஸ்டல் கட்டப்போகிறது, நான்கு ஆபீஸ்களை மட்டும் கூப்பிட்டுச் சின்னதாக ஒரு போட்டி வைக்கிறது, உங்களையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன் என்றார். மஞ்சளைப் பற்றி அவர் ஒரு வார்த்தைதான் கேட்டாராம். "வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா?"

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. மாப்பிள்ளை விடுமுறையில் ஊருக்கு வந்தவர், நிக்காஹ் தேதியும் பயணமும் பேச ஒருநாள் தன் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொடுத்தார். உயரமான பையன், மாடிப்படியில் தலை இடிக்காமல் குனிந்து ஏறினார். சென்னையிலிருந்து திரும்பி வந்த அந்த ஆறு தாள்களும் சுவரில் ஒட்டியிருந்தன. என் மனைவி "எங்கடி அந்தப் படமெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் மருமகள் ஒட்டிவைத்திருந்தாள்.

அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். லப்பைக்குடிகாட்டுப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"மச்சான், நான் ஒண்ணு சொல்லணும். தோத்தா வந்துர்றேன்னுதான் சொன்னேன்."

"ஆமா."

"நாங்க தோக்கல. எங்கள எடுத்துக்கவே இல்ல. போட்டியில ஓடித் தோத்தா அது வேற. மைதானத்துக்குள்ளயே விடாட்டி அது வேற. அப்ப நம்ம பேச்சு இன்னும் முடியல."

"இது நல்லா இருக்கே" என்றார் அவர். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆர்க்கிடெக்ட்டா, வக்கீலா?"

"இன்னும் ஒரே ஒரு போட்டி, மச்சான். திருமானூரு. அதுல தோத்தா இன்ஷா அல்லாஹ் நானே டிக்கெட் போட்டுக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து என் மனைவி தட்டில் டீயோடு வந்து நின்றாள். அவர் சுவரைக் காட்டினார். "இது என்னம்மா, மூலைக்கு மூலை மஞ்சளா?"

நான் மருமகளைப் பார்த்தேன். மருமகள் என்னைப் பார்த்தாள். லப்பைக்குடிகாட்டுப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும், அவள் போனில் சொல்லியிருந்தாள். மஞ்சள் வைத்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

"நான்தான் தம்பி வச்சேன்" என்றாள் என் மனைவி பெருமையாக. "புள்ளைங்க ராப்பகலா ஒழைச்சதாச்சே. நல்லபடியா போயிட்டு வரட்டும்னு."

அவர் டீயை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் காது சிவந்ததில் எனக்குத் தெரிந்தது.

"நல்லபடியாத்தாம்மா போயிட்டு வந்திருக்கு" என்றார். "ஒரு கிழிசல் இல்ல, ஒரு மடிப்பு இல்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "சரி. திருமானூரப் போடுங்க. பாப்போம்."

அவர்கள் போன பிறகு என் மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டாள். "அந்தத் தம்பிக்குப் பொய் சொல்ல வரல. என்ன ஆச்சு அந்த மஞ்சளால?"

இனி மறைக்க முடியாது. சொன்னேன். அவள் குழாயை மூடவில்லை, தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், ஆனால் உள்ளே போகாமல் படியிலேயே நின்றுவிட்டேன்.

"நீ என்னைத் திட்டியிருக்கலாம்டி" என்றது என் மனைவியின் குரல்.

"திட்டுனா நீங்க டீ போட மாட்டீங்களே அத்தை."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒருவர்தானா, இருவரா என்று தெரியவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன்.

திருமானூர் அவர்களுக்குக் கிடைத்தது. கிடைத்த செய்தி வந்த மாதத்திலேயே நிக்காஹ். பந்தியில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். என் இலையில் கறியை வைத்துக்கொண்டே இருந்தார். விடுமுறை முடிந்ததும் அவர் தனியாகத்தான் துபாய் போனார்.

அந்த ஹாஸ்டலால்தான் மாடியில் ஏழு பேர் ஆனார்கள். அடுத்தடுத்துப் போட்டிகளுக்கு இவர்களைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். இருந்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. கட்டி முடிக்கிறவரைதான் ஒப்பந்தம். இப்போது இரண்டாம் தளத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள். அதன் மேல் இன்னொரு தளம். அதன் பிறகு பூச்சு, பெயிண்ட், அவ்வளவுதான். கட்டட வேலை தாமதமானால் மனிதர்கள் சங்கடப்படுவார்கள். நான் சிமெண்ட் வரவில்லை என்று கேள்விப்பட்டால் சந்தோஷப்படுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நானும் சைட்டுக்குப் போயிருந்தேன். அவள் தலையில் முக்காட்டின் மேல் மஞ்சள் ஹெல்மெட்டோடு கம்பிகளுக்கு நடுவில் நின்று மாப்பிள்ளையோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள். போனைத் திருப்பிக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினாள்.

"பாருங்க மச்சான், இன்னும் எவ்ளோ கெடக்கு."

"மழை வந்து வேலை நிக்கணும்னு துவா கேக்கறியா நீ?" என்றது அவர் குரல்.

"மழையெல்லாம் வேண்டாம். மேஸ்திரி மச்சினனுக்குக் கல்யாணம் வருது, அது போதும்."

அவர் அங்கே சிரித்தது இங்கே கம்பி கட்டுகிறவர்களுக்கும் கேட்டது. "சரி, ரம்ஜானுக்கு நான் வரேன்" என்றார். "வந்து பாத்துட்டுப் பேசிக்கலாம். நம்ம ஊருப் பக்கமும் எனக்கு ஒரு வேலை தேடிப் பாக்கறேன்னு ஒரு ஆளுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். உறுதி இல்ல. அங்க யாருகிட்டயும் சொல்லாத."

அவள் போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கேட்காதவன் போல மணல் குவியல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.